தகரக் கூரையும் தக்காண வெயிலும்

ஹைதராபாத் வெயில் ஒரு காருக்குள் நுழைய மூன்று வழிகள் உண்டு: தலைக்கு மேலே கூரைத் தகடு, பக்கங்களில் கண்ணாடி, காலடியில் என்ஜினும் புகைக்குழாயும் சூடேற்றும் தளம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் பாறை மேட்டின் மேல் இருக்கிறது. ஏப்ரல், மே மாத வெக்கை வறண்டது. சென்னையைப் போல வேர்த்துக் கொட்டாது. நகரின் வானிலைப் பதிவில் உச்சம், 1966 ஜூன் 2 அன்று தொட்ட 45.5 டிகிரி செல்சியஸ். வறண்ட ஊரில் நிழலும் காற்றும் கிடைத்துவிட்டால் 40 டிகிரியைக்கூடச் சமாளித்துவிடலாம். நிழல் தரவேண்டிய கூரையே கொதிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். நிஜாம்களின் காலத்திலிருந்து இந்த ஊரின் கார்களுக்குள் திணித்தும் ஒட்டியும் பார்த்த பொருள்கள் பல. அவற்றில் வெப்பத்தைத் தடுத்தவையும் உண்டு, வெறுமனே பாரத்தைக் கூட்டியவையும் உண்டு.

கார் வருவதற்கு முன்பே தக்காணத்தார் இந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். கோடையில் வாசலிலும் சன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது வசதியுள்ள வீடுகளில் வழக்கம். ஹைதராபாத் உருதுவில் அது ‘கஸ் கி தட்டி’. ஈரம் ஆவியாகும்போது காற்று குளிரும் என்ற இந்த எளிய ஏற்பாடு, காற்று வறண்டிருக்கும் ஊர்களில்தான் உருப்படியாக வேலை செய்யும். 1870களில் கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜிஐபி) ரயில்வே முதல் வகுப்புப் பெட்டிகளைக் குளிர்விக்க இதே வழியைக் கையாண்டது. ரயில் பெட்டிகளில் இன்னொரு உத்தியும் பரவியது: இரட்டைக் கூரை. மேல் கூரை வெயிலை வாங்கிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும், கீழ்க் கூரை நிழலில் இருக்கும். நிஜாமின் ரயில்வே 1874இல் ஓடத் தொடங்கி, 1893இல் லாலாகூடா பணிமனை அமைந்தபோது, மரமும் கான்வாஸும் கம்பளியும் கையாளத் தெரிந்த தச்சர்களும் மெத்தைக்காரர்களும் செகந்திராபாத் பக்கம் திரண்டார்கள். பின்னாளில் கார் கூடுகளைப் பழுதுபார்க்க வேண்டிவந்த கைத்தொழிலும் இதுவே.

ஹைதராபாத்தின் மிகப் பெயர்பெற்ற கார், சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் காலத்தில் கேட்டு அனுப்பியது. அவர் 1911 ஆகஸ்ட் 29இல் காலமாகிவிட, மகன் உஸ்மான் அலி கானின் ஆட்சியில்தான் வந்து சேர்ந்தது. 1912ஆம் ஆண்டு வண்டியான இதற்குக் கூடு கட்டியது லண்டனின் பார்க்கர் கம்பெனி. அரசர் அமர்ந்து ஊர்வலம் போவதற்கென்று உயர்த்திக் கட்டிய கூரை, உள்ளே பட்டு வேலைப்பாடு. ஓடியது என்னவோ சில நூறு மைல்தான்.

அந்தக் காலத்து மூடிய கூடுகளைக் கட்டிய விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. சட்டம் முழுக்க ஆஷ் மரம். அதன்மேல் பக்கங்களுக்கு அலுமினியத் தகடு. கூரைக்குப் பெரும்பாலும் தகடே கிடையாது. மெல்லிய மரப் பட்டைகளை இடைவெளி விட்டு வரிசையாக அடித்து, மேலே பஞ்சுத் திண்டு பரப்பி, அதற்கு மேல் நீர் புகாத துணியை இழுத்துக் கட்டினார்கள். உள்பக்கம் கம்பளித் துணி. இருக்கைக்குள் குதிரைமயிர். இதை யாரும் வெப்பத்தடுப்பு என்று நினைத்துச் செய்யவில்லை. குதிரை வண்டி கட்டிய கைப்பழக்கம் காருக்கும் வந்தது, அவ்வளவே. ஆனால் மரமும் பஞ்சும் கம்பளியும், நடுவே அடைபட்ட காற்றும் சேர்ந்தால் கிடைப்பது நல்ல வெப்பத்தடுப்பு. கம்பளி ஃபெல்ட் வழியே கடக்கும் வெப்பம், அதே தடிமனுள்ள எஃகு வழியே கடப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதலாளி உட்காரும் பின் இருக்கைக்குத் துணியும், மழையில் நனையும் ஓட்டுநர் இருக்கைக்குத் தோலும் என்பது அப்போதைய முறை. இன்று தோல் இருக்கையை உயர்ந்த சொகுசு என்று கொண்டாடுகிறவர்கள், மே மாத மதியத்தில் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தால், பழைய முறையின் நியாயம் உடனே விளங்கும்.

பிரபுக் குடும்பங்களின் கார்களில் பின்பக்கச் சன்னல்களுக்குத் திரை போட்டிருப்பார்கள். அது பர்தாவுக்காக வந்தது. வெயிலுக்கும் அது உதவியது. கண்ணாடி வழியே நுழையும் கதிரை இருக்கையில் விழாமல் துணி தடுத்துக்கொள்ளும். திறந்த டூரர் கார்களில் கதையே வேறு. கித்தான் கூரைக்கு அடியில் நாலாபக்கமும் காற்று புகுந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்வரை வெக்கை தெரியாது.

நிலைமை தலைகீழானது 1930களின் நடுவில். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே எஃகுத் தகட்டை அழுத்தி முழுக் கூரையாக்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். உறுதி கூடியது, மழை ஒழுகுவது நின்றது, விலை குறைந்தது. கூடவே, மரக் கூரை இலவசமாகக் கொடுத்துவந்த வெப்பத்தடுப்பும் போயிற்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள தகடு வெயிலை வாங்கி அப்படியே உள்ளே இறக்கும். தயாரிப்பாளர்கள் அதன் உள்பக்கத்தில் ஃபெல்ட் துண்டுகளை ஒட்டினார்கள். முக்கியமாகத் தகடு அதிர்ந்து எழுப்பும் சத்தத்தை அடக்கத்தான். ஆகவே 1912இன் கூரையைவிட 1940இன் கூரை வெயிலுக்கு மோசமானது என்பது மிகையல்ல. அமெரிக்காவில் இதற்குப் பதிலாக வந்தது இயந்திரம். 1940 மாடல்களில் பேக்கார்டு கம்பெனி குளிர்சாதனம் பொருத்தித் தந்தது. 274 டாலர் கூடுதல் விலை, பின்பெட்டியில் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டது. வாங்கியவர்கள் சொற்பம். இந்தியாவில் 1934இலேயே ஃபிரான்டியர் மெயிலில் குளிர்ப்பெட்டி ஓடியது, தளத்துக்கு அடியில் ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டு. ரயிலுக்கு அந்தப் பாரம் பொருட்டல்ல. காருக்கு அது நடக்காது. காரில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் என்ஜின்தான் இழுத்தாக வேண்டும்.

பொதுப் போக்குவரத்திலும் இதே மாற்றம். 1932இல் நிஜாம் அரசின் சாலைப் போக்குவரத்துத் துறை 27 பேருந்துகளோடு தொடங்கியது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆல்பியன் வண்டிகள் அதன் அடையாளமாயின. 1942இல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் மெட்டல் வொர்க்ஸ் பின்னர் பேருந்துக் கூடு கட்டியது, ஃபிரிட்ஜும் செய்தது. குளிரைக் காக்கும் பெட்டியும் வெயிலில் ஓடும் தகரக் கூடும் ஒரே நிறுவனத்தில் உருவாயின. ஆனால் ஃபிரிட்ஜின் சுவருக்குள் கண்ணாடிக் கம்பளியையோ நுரையையோ அடைக்கும் அறிவு, பேருந்துக் கூரைக்குப் போகவில்லை. கூட்டத்தோடு ஓடும் வண்டிக்குச் சன்னலே குளிர்சாதனம்.

இன்று ஹைதராபாத்தில் பழைய கார் என்று பாதுகாக்கப்படுவனவற்றில் அரண்மனை வண்டிகள் சிலவே. ஓட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் அம்பாசிடரும் ஃபியட்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசிடர், 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. இந்த வண்டிகளின் கூரைக்குள் என்ன இருக்கிறது என்பது தையல்காரரிடம் விட்டால்தான் தெரியும். முன்கண்ணாடி ரப்பரைத் தளர்த்தி, விளிம்பில் ஒட்டியிருக்கும் ரெக்ஸினைப் பெயர்த்தால், ரூஃப் லைனிங் ஒரு கூடாரத் துணிபோல் தொங்கும். குறுக்கே நான்கைந்து வளைந்த கம்பிகள், துணியில் தைத்த உறைக்குள் நுழைந்து இரண்டு பக்கமும் செருகி நிற்கும். துணிக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம். அங்கே பல வண்டிகளில் மக்கிப்போன ஃபெல்ட் துணுக்கும், துருவும், எலி சேர்த்த குப்பையும் தவிர வேறொன்றும் அகப்படாது. தளத்தில் ரப்பர் பாய், அதன் அடியில் சணல் ஃபெல்ட். வெக்கையைத் தடுக்கச் சணல் மோசமில்லை. மழைக்காலத்தில்தான் அதன் குணம் தெரியும். கதவு ரப்பர் வழியே கசிந்த நீரைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காயாமல் கிடக்கும். அம்பாசிடரின் தளம் அரித்துப்போவதற்கு இந்தச் சணல் பெரிய காரணம்.

என்ஜினுக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தகட்டை மெக்கானிக்குகள் ஃபயர்வால் என்பார்கள். அங்கும் புகைக்குழாய் செல்லும் பக்கத்திலும் ஒரு காலத்தில் கைக்கெட்டிய பொருள் கல்நார். ஹைதராபாத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஹைதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் புராடக்ட்ஸ் என்ற நிறுவனம் 1946இல் உருவாகி, சனத்நகர் ஆலையிலிருந்து ‘சார்மினார்’ பெயர் தாங்கிய கூரைத் தகடுகளை நாடெங்கும் அனுப்பியது. கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலா பக்கம் கல்நார்ச் சுரங்கங்களும் இருந்தன. கார்களில் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட், தடுப்பு அட்டை எல்லாவற்றிலும் கல்நார் புகுந்தது. நெருப்பு பற்றாது, விலையும் மலிவு. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படும் என்பது உறுதிப்பட்டபின் அந்தக் கவர்ச்சி முடிந்தது. பழைய காரைப் பிரிக்கும்போது ஃபயர்வாலில் சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால், அதை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் கம்பிப் பிரஷ் போடுவதும் கூடாது. முகமூடி அணிந்து, நனைத்து, உடைக்காமல் முழுத் துண்டாக எடுத்து, உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அதே இடத்தில் மறுபடி கல்நாரையே ஒட்டுவது, அசலைக் காப்பாற்றும் ஆர்வத்தைத் தவறான இடத்தில் காட்டுவதாகும்.

அடுத்து வந்த பொருள் தார்த் தாள், அதாவது டேம்ப்பிங் ஷீட். இன்றும் அதிகம் விற்பதும், அதிகம் தவறாக வாங்கப்படுவதும் இதுதான். தார்த் தாளின் வேலை தகட்டோடு ஒட்டிக்கொண்டு அதன் அதிர்வை அடக்குவது. கதவை அறைந்தால் கணீர் என்ற ஓசை போய் ‘தொப்’ என்று விழும். அதைக் கேட்டதும் வெக்கையும் குறைந்துவிட்டது என்ற மயக்கம் வந்துவிடுகிறது. உண்மையில் தார் கம்பளியைவிட நான்கு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பாரமோ சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மில்லிமீட்டர் தாள் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வரும். கூரை, தளம், கதவு எல்லாம் சேர்த்து எட்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோவைத் தாண்டும். 1489 சிசி என்ஜினோடு ஏற்கெனவே திணறும் அம்பாசிடருக்கு, 1089 சிசி ஃபியட்டுக்கு, இது வேண்டாத சுமை. மரச்சட்டத்தில் ஊன்றிய பழைய கூடுகளின் கதவுக் கீலுக்கோ இன்னும் கெடுதல். அதிர்வை அடக்கத் தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசி இடத்தில் ஒட்டினாலே போதும். முழுக்கப் பூசுவது கடைக்காரருக்கு லாபம்.

பாரமில்லாமல் வெப்பத்தைத் தடுக்க இரண்டே வழிதான் உண்டு: காற்றை நகரவிடாமல் சிறைப்பிடிப்பது, கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவது. முதல் வழியின் நவீன வடிவம் நுரை. பாலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியின் ஓட்டோ பாயர் குழு கண்டது. ஃபிரிட்ஜுகளில் கண்ணாடிக் கம்பளியின் இடத்தைப் பிற்பாடு பிடித்துக்கொண்டதும் அதன் நுரையே. காருக்கு அதைவிடத் தோதானது மூடிய கண்ணறை கொண்ட பாலித்தீன் நுரைத் தாள். ஆறு மில்லிமீட்டர் தாள் சதுர மீட்டருக்கு 200 கிராம்கூட இருக்காது. மேலே சொன்ன எட்டு சதுர மீட்டருக்கும் சேர்த்து ஒன்றரை கிலோ. கடத்துதிறனில் கம்பளிக்கு இணை, நீர் குடிக்காது, கத்தரிக்கோலில் வெட்டலாம். தெர்மாகோலை இதற்குப் பதிலாகச் செருகுவோர் உண்டு. அது எடை குறைவுதான், ஆனால் கூரைத் தகட்டின் சூட்டில் இளகிச் சுருங்கும், ஓட்டத்தில் உரசிக் கிரீச்சிடும், கடைசியில் பொடிந்து மணியாகக் கொட்டும்.

இரண்டாம் வழி அலுமினியத் தாள். கறுப்புக் காரின் கூரை மதிய வெயிலில் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் உள்ள தகடு, 40 டிகிரியில் உள்ள பரப்பை நோக்கிச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் வெப்பத்தைக் கதிராகவே இறக்கும். தகட்டின் உள்பக்கம் மினுங்கும் அலுமினியமாக இருந்தால் அதில் இருபதில் ஒரு பங்குதான் வெளிப்படும். ஒரு நிபந்தனை: மினுங்கும் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் துணியோடு அழுத்தி ஒட்டினால் அது வெறும் உலோகம். வெப்பத்தைத் தொட்டுக் கடத்திவிடும். வெள்ளித் தாளை ஒட்டியும் பலனில்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பிழைதான். கூரையில் இந்த முறை விசேஷமாகப் பலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடு மேலே, குளிர் கீழே என்று இருக்கும்போது நடுவில் உள்ள காற்று அசையாமல் அடுக்காக நிற்கும். சுழன்று வெப்பத்தைச் சுமந்து வராது. ஆகவே கூரையிலிருந்து இறங்குவதில் பெரும்பங்கு கதிர்தான். அதை மறித்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. அம்பாசிடரின் ரூஃப் லைனிங் ஏற்கெனவே தரும் வெற்றிடம் இதற்கென்றே விட்டதுபோல் அமைந்திருக்கிறது. தகட்டின் உள்பக்கம் மெல்லிய நுரையை ஒட்டி, அதன் அலுமினிய முகம் கீழ்நோக்கி இருக்குமாறு விட்டால் போதும். கீழ்நோக்கிய முகத்தில் தூசு படியாது. மேல்நோக்கி வைத்தால் தூசு படிந்து சில வருடங்களில் மினுக்கம் போய்விடும்.

தளத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே சூடு கீழே, ஆள் மேலே. வெந்த காற்று தானாகவே எழும். ஆகவே அங்கு இடைவெளியை விடாமல் நுரையாலோ கம்பளியாலோ அடைக்க வேண்டும். அலுமினியத்தைத் தளத்துக்கு வெளியே, புகைக்குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே, இரண்டையும் தொடாத கேடயமாகத் தொங்கவிடுவது மேல். பாலித்தீன் நுரை 110 டிகிரி அளவில் உருகிவிடும். ஃபயர்வாலிலும் புகைக்குழாய்க்கு அருகிலும் அதை ஒட்டுவது ஆபத்து. அங்கே அலுமினியம் பூசிய கண்ணாடியிழைத் துணியோ செராமிக் கம்பளியோ வேண்டும். பெட்ரோல் குழாய் ஓடும் பாதையில் எளிதில் தீப்பிடிக்கும் எதையும் வைக்கக் கூடாது.

ஒட்டும் பசையும் கவனத்துக்குரியது. சாதாரண ரப்பர் பசை கூரைச் சூட்டில் இளகி, முதல் கோடையிலேயே தாள் தலையில் தொங்கும். சூடு தாங்கும் பசைதான் வேண்டும். அதையும் துரு நீக்கிப் பிரைமர் அடித்த தகட்டில் மட்டுமே பூச வேண்டும். மூடிய நுரை நீரைக் குடிக்காது என்றாலும், அடியில் புகுந்த நீரை வெளியேயும் விடாது. தளத்தில் அதை ஒட்டாமல் விரித்துவைத்தால் ஆண்டுக்கொரு முறை தூக்கிப் பார்க்கலாம். பிரித்தெடுக்க முடிவது அசல் தன்மையைக் காக்கவும் உதவும். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப் பகுதி சேர்த்தது: 50 வயது தாண்டிய, சேசிஸ், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனிப் பதிவு. துணிக்குப் பின்னால் மறைந்திருக்கும் நுரைத் தாள் இதற்குக் குறுக்கே வராது. கூரையைத் துளைத்தாலோ தகட்டை மாற்றினாலோ வரக்கூடும்.

கண்ணாடியை இந்தப் பொருள்கள் எதுவும் தொடுவதில்லை. நிறுத்திவைத்த காருக்குள் நுழையும் வெயிலில் பெரும்பங்கு கண்ணாடி வழியாகத்தான் என்பதை, நுரைக்குச் செலவு செய்யும் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கார்களின் கண்ணாடி சாயமில்லாதது. ஒட்டுப்படலத்தை உச்சநீதிமன்றம் 2012இல் தடுத்தது. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மினுங்கும் தடுப்பு, பின்பக்கத்துக்குப் பழைய பாணியில் திரை, முடிந்தால் வேப்ப மர நிழல் ஆகியவையே பழைய காருக்கு மிச்சம். நிறமும் சேர்ந்து உதவும்: வெள்ளைப் பூச்சு வெயிலில் கால்பங்கு அளவே வாங்கும், கறுப்பு ஏறக்குறைய முழுவதையும் வாங்கும். அரசு அம்பாசிடர்கள் வெள்ளையாக இருந்ததில் வெயிலுக்கான லாபமும் அடங்கியிருந்தது.

புதிய பொருள்களில் ஹைதராபாத்துக்குச் சொந்தம் கொண்டாட இடமுள்ளது ஏரோஜெல். 1931இல் அமெரிக்கர் சாமுவேல் கிஸ்லர் உருவாக்கிய இந்தச் சிலிக்கா வலைப்பின்னல், அசையாத காற்றைவிடவும் குறைவாக வெப்பத்தைக் கடத்தும். தனியாக எடுத்தால் நொறுங்கும். இழைப் பாயில் ஏற்றினால் வளையும். பாலாப்பூரில் உள்ள மத்திய அரசின் ஏஆர்சிஐ ஆய்வு மையம் இத்தகைய நெகிழ்தாள் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. விலை அதிகம், வெட்டினால் பொடி பறக்கும், ஆகவே காரின் உள்கூடு முழுக்கப் போட அது தேவையில்லை. கியர்பாக்ஸ் மேட்டுக்கும் கம்பளத்துக்கும் நடுவே, நுரை உருகிவிடும் சூட்டில், அரை சென்டிமீட்டர் இடம் மட்டும் இருக்கும் மூலைகளில் அதற்கு ஈடான பொருள் இப்போதைக்குக் கிடையாது.